மண்வெட்டியும் மம்முட்டியும்: ஒரு சொல்லின் வரலாறு

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், மலர்க்குழுவினர் என்னிடம் ஆய்வுக்கட்டுரை ஒன்று வேண்டினர். கடற்கரை ஊர்களைச் சார்ந்த வட்டமாதலின், நெய்தல் திணையைப் பற்றியோ சிலப்பதிகாரக் கானல்வரியைப் பற்றியோ எழுதலாமென்று முதலில் எண்ணினேன். ஆயின், சில திங்கள்களுக்கு முன் மீஞ்சூரில் நடந்த நம் கவியரங்கில் நேர்ந்த ஒன்று என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதற்கு விடை கூறாமல் வேறொன்று எழுதக் கை ஓடவில்லை.

அன்றைய அரங்கிற்கு நான் தலைமை ஏற்றிருந்தேன். பழவேற்காட்டு ஏரிக்கரையின் மீனவச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவி, கோடைக் காலத்தில் மணலைத் தோண்டிக் குடிநீர் ஊற்று எடுக்கும் தம் அன்னையைப் பற்றிக் கவிதை படித்தார். அக்கவிதையில் ‘மம்முட்டி’ என்னும் சொல் மும்முறை வந்தது. தலைமையுரையின் இறுதியில் நான், “கருத்து நன்று, ஆயின் மம்முட்டி என்பது கொச்சை. மண்வெட்டி என்று திருத்திக்கொள்க. இல்லையேல் மலையாள நடிகர் ஒருவர் நம் கவிதைக்குள் நுழைந்துவிடுவார்” என்றேன். அவை சிரித்தது. நானும் சிரித்தேன்.

கூட்டம் முடிந்தபின் அம்மாணவி என்னருகே வந்து, “அம்மா, எங்க வீட்ல இருக்கறது மம்முட்டிதாங்க. மண்வெட்டின்னு எழுதினா யாரோ வீட்டுது மாதிரி இருக்கு” என்று தாழ்ந்த குரலில் கூறிச் சென்றார். அதன்பின் நம் கூட்டங்களுக்கு அவர் வரவில்லை. இலக்கணத்தில் முனைவர் பட்டம் பெற்றவள் நான். எனினும் அவர் கூற்றுக்கு அன்று என்னிடம் விடை இல்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சியாகும்.

சொல்லின் அமைப்பு

மண்வெட்டி என்பது ‘மண்ணை வெட்டுவது’ என விரியும். ‘மண்’ என்னும் பெயரும் ‘வெட்டு’ என்னும் வினைப்பகுதியும் ‘இ’ என்னும் விகுதியும் சேர்ந்தது. இவ்விகர விகுதி தமிழில் மூவகைப் பொருள் தருவதை நாம் அறிவோம். ஊரால் உண்ணப்படும் நீர்நிலை ‘ஊருணி’. இங்கு விகுதி செயப்படுபொருளை உணர்த்துகிறது. விறகை வெட்டுபவன் ‘விறகுவெட்டி’. இங்கு வினைமுதலை உணர்த்துகிறது. பாக்குவெட்டி, நகவெட்டி, மண்வெட்டி ஆகியவற்றில் கருவியை உணர்த்துகிறது.

இங்குக் கவிஞர்கள் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. விறகுவெட்டி மனிதன், மண்வெட்டி கருவி. சொல்லின் அமைப்பிலோ இரண்டிற்கும் வேற்றுமை இல்லை. விறகு வெட்டியவனுக்குத் தன் தொழிலால் ஒரு பெயர் கிடைத்தது. மண் வெட்டியவனின் பெயரையோ அவன் கையிலிருந்த கருவி எடுத்துக்கொண்டது. குளம் வெட்டினான், கால் வெட்டினான், வரப்புக் கட்டினான், கிணறு தோண்டினான். பெயர் மட்டும் இரும்புக்குப் போயிற்று.

கருவியின் வடிவத்தையும் இங்கே நோக்குதல் வேண்டும். மேனாட்டார் தோட்டங்களில் வழங்கும் கருவி, நிமிர்ந்து நின்று காலால் அழுத்தி மண்ணைப் பெயர்ப்பது. அதன் தகடு பிடியோடு நேர்க்கோட்டில் அமைந்திருக்கும். நம் மண்வெட்டியின் தகடு பிடிக்குக் குறுங்கோணத்தில் வெட்டுவோரை நோக்கி வளைந்திருக்கும். ஓங்கி வெட்டித் தன்பால் இழுக்கவேண்டும். எனவே குனிந்தே வேலை செய்யவேண்டும். வெறுங்காலோடு உழைத்த மக்களுக்கு ஏற்ற வடிவம் அது. மண்ணை ‘வெட்டுதல்’ என்னும் வினை பெயரில் அமைந்ததன் பொருத்தம் இவ்வடிவத்தைக் கண்டாலே விளங்கும்.

பழங்கருவிகளும் பெயர்களும்

நிலத்தை அகழும் கருவிகளுக்குப் பழந்தமிழில் பல பெயர்கள் வழங்கின. சங்கப் பாடல்களில் ‘கணிச்சி’ என்பது வன்னிலத்தில் கூவல் தோண்டும் கருவியாக வருகிறது. திருவள்ளுவர் 1251ஆம் குறளில் காமத்தையே கணிச்சியாக உருவகித்து, நிறை என்னும் கதவை அதனால் உடைக்கச் செய்கிறார். குந்தாலி, கொட்டு, களைக்கொட்டு, பாரை முதலிய பெயர்களும் தமிழுக்கு உரியன. இவற்றுள் கணிச்சி வழக்கு வீழ்ந்தது. களைக்கொட்டு பல ஊர்களில் இன்றும் வாழ்கிறது.

பக்தி இலக்கிய வரலாற்றில் ஒரு கருவி தனியிடம் பெற்றது. ஏழாம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசர் கோயில் முன்றில்களில் புல் செதுக்கிய ‘உழவாரம்’ அது. அடியவரின் திருவுருவத்தில் அக்கருவி தோளோடு சார்ந்து நிற்கிறது. அதன் பெயரால் ‘உழவாரப் பணி’ என ஒரு தொண்டே வழங்கலாயிற்று. திருவிளையாடற் புராணத்தில், பிட்டுக்கு மண் சுமந்த இறைவனும் வைகைக் கரையில் கூலியாளாகவே வருகிறார். வந்தி என்னும் முதியவளின் பங்குக்கு மண் வெட்டிக் கொட்ட வந்தவர் அவர். வேலை செய்யாமைக்குப் பிரம்படி பட்டதும், அவ்வடி எல்லா உயிர்மேலும் பட்டதும் நாமறிந்த கதை. மண் வெட்டும் தொழிலைத் தாழ்வாகக் கருதாத ஒரு மரபு நம்மிடம் இருந்தது என்பதற்கு இவை சான்று.

அண்டை மொழிகளை நோக்கினால் மற்றொரு செய்தி புலனாகும். பழவேற்காட்டு ஏரி தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பரந்து கிடப்பது. ஏரியின் வடகரைத் தெலுங்கு ஊர்களில் இக்கருவியைப் ‘பார’ என்பர். நம் ‘பாரை’யோ கடப்பாரை. இரண்டும் ஓரினச் சொற்கள் எனலாம். நிலத்தைப் பிளக்கும் இரும்பு என்னும் பொதுப்பொருளிலிருந்து ஒரு மொழியில் ஒரு கருவிக்கும், மறுமொழியில் மற்றொரு கருவிக்கும் பெயர் நிலைத்தது. நாம் ‘மண்வெட்டி’ என்று பொருள் வெளிப்படையாகத் தோன்றும் தொடர்ச்சொல்லைக் கொண்டோம்.

மரூஉவின் வழி

இனி, மண்வெட்டி மம்முட்டியான வழியைக் காண்போம். இது நெறியற்ற சிதைவு அன்று. ஒவ்வோர் அடியிலும் ஒலிநெறி உண்டு.

முதலாவது, ‘ண்’ என்பது நாநுனி வளைந்து பிறக்கும் ஒலி. அதன்பின் வரும் ‘வ’ இதழொலி. நா வளைவதற்குள் இதழ் குவிய விரைவதால், முன்னிற்கும் மெய் இதழொலியாகிய ‘ம்’ ஆகிறது. ‘எண்பது’ பேச்சில் ‘எம்பது’ ஆவதும், ‘ஒன்பது’ ‘ஒம்பது’ ஆவதும் இத்தகையனவே. இரண்டாவது, ‘ம்’மைத் தொடர்ந்த ‘வ’ இருவழியில் திரிந்தது. ஒருவழி, முன்னுள்ள மூக்கொலியோடு முற்றும் ஒன்றி ‘ம’ ஆயிற்று. அதனால் மம்மட்டி, மம்முட்டி என்னும் வடிவங்கள் தோன்றின. மற்றொரு வழி, வல்லினமாகிப் ‘ப’ ஆயிற்று. அதனால் ‘மம்பட்டி’ தோன்றியது. மதுரை, நெல்லைப் பகுதிகளிலும் மேற்கு மாவட்டங்களிலும் மம்பட்டி பெருவழக்கு. 1983இல் வெளிவந்த ‘மலையூர் மம்பட்டியான்’ திரைப்படத்தின் பெயரும் அவ்வடிவத்தை நாடறியச் செய்தது.

மூன்றாவது திரிபே நம் பகுதிக்குரியது. இதழொலிக்கும் நாவளை ஒலிக்கும் இடையே நிற்கும் இ, ஈ, எ என்னும் உயிர்கள், சென்னையைச் சூழ்ந்த வட்டாரத்தில் இதழ் குவிந்து உ, ஊ, ஒ ஆகின்றன. ‘பிடி’ புடி ஆகிறது. ‘வீடு’ வூடு ஆகிறது. ‘பெட்டி’ பொட்டி ஆகிறது. இந்நெறிப்படி ‘வெட்டி’ என்பதன் எகரம் ஒகரமாகவேண்டும். சொல்லின் இடையில் நிற்கும் ஒகரம் பேச்சில் நிலைப்பதரிது. எனவே அது உகரமாயிற்று. மண்வெட்டி, மம்மெட்டி, மம்மொட்டி, மம்முட்டி எனப் படிகள் அமைந்தன என்று கொள்ளலாம்.

ஈண்டு, அன்று நான் நகையாடியதற்கும் விளக்கம் கூறுதல் வேண்டும். மலையாள நடிகர் மம்மூட்டியின் பெயர் ‘முகம்மது குட்டி’ என்பதன் சுருக்கம். அதற்கும் மண்ணுக்கும் தொடர்பில்லை. ஒலி ஒத்திருப்பதால் மூலமும் ஒன்று என்று கொள்ளுதல் சொல்லாய்வில் முதற்பிழை. அப்பிழையை நகைச்சுவையாக்கி ஒரு மாணவியின் கவிதைமேல் எறிந்தது என் பிழை.

ஆங்கிலேயர் செவியில்

இம்மரூஉ வடிவத்திற்குக் கிடைத்த பெருமை ஒன்றை நம்மில் பலர் அறியோம். ஹென்றி யூலும் ஆர்தர் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியத்தில் இச்சொல் தனித் தலைச்சொல்லாக இடம்பெற்றுள்ளது. பர்னெல் சென்னை மாகாணப் பணியில் இருந்தவர். தென்னாட்டுச் சுவடிகளில் தோய்ந்தவர். நூல் வெளிவருமுன்னரே 1882இல் மறைந்தார். அந்நூல் இச்சொல்லுக்கு மமூட்டி, மமோட்டி, மொமட்டி என்னும் எழுத்துவடிவங்களைத் தருகிறது. தமிழ் மண்வெட்டியே மூலம் என்கிறது. தமிழ்ப் பகுதிக்கே உரிய இச்சொல் படைத்தளவாடப் பட்டியல்களின் வழியாக இந்தியா முழுதும் பரவிற்று என்றும் குறிக்கிறது.

அது காட்டும் சான்றுகளுள் ஒன்று 1782ஆம் ஆண்டினது. அப்போது சென்னை ஆளுநராயிருந்த மெக்கார்ட்னி பிரபுவின் கடிதம். ஐதர் அலியோடு போர் நிகழ்ந்த காலம் அது. சிப்பாய்கள் அகழி வெட்டுவதுபோல் போக்குக் காட்டுவதற்கு இக்கருவியை ஏந்தியதாக அதில் வருகிறது. கடிதத்தில் உள்ள எழுத்துவடிவம் உகரம் கொண்டது.

இதனைக் கருதுக. ஆங்கிலேயர் ‘மண்வெட்டி’ என்னும் எழுத்துவழக்கைக் கொள்ளவில்லை. ‘மம்பட்டி’ என்னும் தென்பகுதி வடிவத்தையும் கொள்ளவில்லை. ‘மமூட்டி’, ‘மமோட்டி’ என உகரமும் ஒகரமும் விரவிய வடிவங்களையே எழுதினர். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றையே நம்பி முடிவு கட்டுதல் தகாது. எனினும், வேற்றுமொழியார் செவியில் விழுந்தது சென்னைக் கரையின் உழைப்பாளர் பேச்சே என்று கொள்ள இவை இடந்தருகின்றன. அவ்வாறாயின், அம்மாணவியின் வீட்டில் வழங்கும் வடிவம் இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் ஏறியது ஆகும். இன்றளவும் இலங்கை ஆங்கிலத்தில் இக்கருவிக்கு ‘மமோட்டி’ என்பதே பெயர். அங்கு 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களிலும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் காடு திருத்தியவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற ஏழை மக்கள். அவர்களோடு இக்கருவியும் அதன் பெயரும் அம்மலைகளில் ஏறின.

கால்வாயும் பஞ்சமும்

படைத்தளவாடப் பட்டியலில் இச்சொல் ஏறியதற்கும் நம் ஊருக்கும் நெருங்கிய தொடர்புண்டு. மீஞ்சூர் வழியே பழவேற்காட்டுக்குச் செல்வோர் பக்கிங்காம் கால்வாயைக் காணாமல் போக முடியாது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதற்பகுதி வெட்டப்பட்டது. காக்கரேன் கால்வாய் என்பது அதன் முதற்பெயர். பின்னர் அது பழவேற்காட்டு ஏரி வரை நீண்டு, அதற்கப்பாலும் வளர்ந்து, ஏறத்தாழ 420 கி.மீ. நீளமுடைய நீர்வழியாயிற்று. இயந்திரங்கள் பெருகாத காலம். உவர்மண்ணையும் மணலையும் மண்வெட்டியால் வெட்டிக் கூடையில் சுமந்து கரையேற்றியவர்கள் மனிதர்களே.

1876 முதல் 1878 வரை தாது ஆண்டுப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. 1877-78இல் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. நீளப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அக்கால ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரால் 1878இல் கால்வாய்க்குப் பெயரிட்டனர். பஞ்ச வேலைக்கு வந்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று 1877இன் தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். அது கடும் உழைப்பாளிக்குப் போதாதென்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். கால்வாய்க்கு ஆளுநர் பெயர் அமைந்தது. வெட்டியவர் எவர் பெயரும் அதில் இல்லை. அவர்கள் வாயிலிருந்த ஒரு சொல் மட்டும் ஆங்கில அகராதியில் நிலைத்தது.

இரு வெட்டிகள்

‘வெட்டி’ என்று தமிழில் மற்றொரு சொல்லும் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் வரிகளின் வரிசையில் அடிக்கடி இடம்பெறுவது அது. ஊதியமின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பை அது குறிக்கும். ‘விஷ்டி’ என்னும் வடசொல்லின் திரிபு அது என்பர் அறிஞர். ‘வெட்டிவேலை’, ‘வெட்டிப்பேச்சு’ என்று நாம் வழங்குவன அதன் எச்சங்கள்; கூலியற்ற வேலை என்பது நாளடைவில் பயனற்ற வேலை என்று பொருள் திரிந்தது. மண்வெட்டியில் உள்ள ‘வெட்டி’ தமிழ் வினையடியாகப் பிறந்தது; இதனோடு அதனைக் கலத்தல் கூடாது.

சொல்லால் வேறாயினும் வாழ்க்கையில் இரண்டும் ஒரே கையில் கூடின. ஏரிக்கரை உடைந்தால் ஊரார் கூடி அடைக்கும் குடிமராமத்து வழக்கத்தை, 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் சட்டக் கடமையாகவே ஆக்கியது. அந்நாளில் ‘வெட்டி’க்குச் சென்றவனின் தோளில் இருந்தது மண்வெட்டி. நம் காலத்தில், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த நூறு நாள் வேலையில், அக்கருவியைப் பெரும்பாலும் பெண்கள் ஏந்தக் கண்டோம். கூலி எழுத்தில் உறுதியான வேலை அது. கல்வெட்டில் வரியாக எழுதப்பட்ட உழைப்பு, கூலியாக எழுதப்படுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆயின.

ஏரிக்கரையில்

மீன்பிடி ஊர்களில் மண்வெட்டிக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். பழவேற்காட்டு ஏரியின் உயிர் அதன் முகத்துவாரம். கடல் மணலைக் கொணர்ந்து அதனை அடைத்துவிடும். அடைந்தால் மீனும் இறாலும் ஏரிக்குள் வரா. படகுகள் கடலுக்குப் போகா. இயந்திரம் வருமுன் மண்வெட்டியும் கூடையும் கொண்டு மணலை வெட்டிவிட்டதை ஏரிக்கரை முதியோர் இன்றும் சொல்வர். வலையைப் போலவே மண்வெட்டியும் அவர்க்குத் தொழிற்கருவி.

குடிநீரோ அதனினும் கொடிய கதை. ஆரணியாற்றுக்கும் கொசத்தலையாற்றுக்கும் இடைப்பட்ட மீஞ்சூர்ப் பகுதி ஒருகாலத்தில் கைக்கெட்டும் ஆழத்தில் நன்னீர் தந்த மண். 1960களின் பிற்பகுதி முதல் சென்னை மாநகருக்காக இந்நிலத்தடி நீர் பெருமளவில் இறைக்கப்பட்டது. நன்னீர் குறைந்த வெற்றிடத்தில் கடல்நீர் புகுந்தது. கிணறுகள் உவர்த்தன, தோட்டங்கள் கருகின. அதே மீஞ்சூரின் பெயரால், காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. மணற்கேணியைத் தோண்டத் தோண்ட நீர் ஊறும் என்று கல்விக்கு உவமை கூறினார் வள்ளுவர். எம் மாணவியின் அன்னை தோண்டியது அத்தகைய மணற்கேணியையே, ஊறியது உவர்நீர். ‘இன்னும் ஒரு முழம் தோண்டினால்’ என்று அவர் மீண்டும் குனிவதோடு அக்கவிதை முடிந்தது. அந்த உவமையின் மறுபக்கத்தை ஓர் இளம்பெண் எழுதிக்காட்டியபோது, நான் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிறைவாக

நன்னூலார் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாக்கி, இயல்பு வழக்கினுள் இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என மூன்றையும் அடக்கினார். ‘அருமருந்தன்ன’ என்பது ‘அருமந்த’ ஆனதை நாம் மகிழ்ந்து போற்றுகிறோம். தஞ்சாவூர் தஞ்சையானதைப் பாட்டில் வைக்கிறோம். மன்னர் ஊருக்கு மரூஉ ஆகுமெனின், மண் வெட்டுவோர் கருவிக்கு ஏன் ஆகாது? செய்யுளுக்குரிய சொற்களை எண்ணிய தொல்காப்பியரும் திசைச்சொல்லைத் தள்ளவில்லை. ஆண்டுதோறும் வகுப்பறையில் இவ்விலக்கணத்தை நடத்தும் நான், அரங்கில் அதனை மறந்தேன்.

கட்டுரையிலும் பாடநூலிலும் ‘மண்வெட்டி’ என்று எழுதுவோம். எல்லா வட்டாரத்தார்க்கும் பொருள் விளங்க அது வேண்டும். கவிதையிலோ, எவர் வீட்டுக் கருவியோ அவர் வீட்டுப் பெயரே உரியது. நெல்லைக் கவிஞர் மம்பட்டி என்க. மீஞ்சூர்க் கவிஞர் மம்முட்டி என்க.

மலர்க்குழுவினருக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. அம்மாணவியின் இசைவு பெற்று, அக்கவிதையை இம்மலரில் ஓரெழுத்தும் மாற்றாமல் வெளியிடுக. இடம் போதாதெனின் இக்கட்டுரையைக் குறைத்துக்கொள்ளலாம். அடுத்த கவியரங்கிற்கு அவரை அழைக்கும் பொறுப்பை நானே ஏற்கிறேன். அவர் ஊருக்கு நானே சென்று அழைப்பேன்.